விற்க ஏலாத காணிகள்

அப்பா 55 வயதில் தோட்டத்து வேலையிலிருந்து நின்றார். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆண்கள் பணத்தை எடுப்பதற்கு வைத்திருக்கிற வயது அது, பெண்களுக்கு 50. கைக்கு வந்த காசை வைத்து அவர் நகையோ கலியாணமோ யோசிக்கவில்லை. லயத்துக்கு வெளியே 10 பேர்ச்சஸ் காணி வேண்டும் என்றார். லயத்துக் காம்பரா வேலையோடு ஒட்டியது. வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் போடாத நாள் வந்தால் அந்தக் காம்பராவில் இருக்க என்ன உரிமை என்று கேட்பார்கள். அதைக் கேட்க வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம்.

அவருக்காகக் காணி பார்க்க அலைந்ததுதான் நான் தரகுத் தொழிலுக்கு வந்த வழி. உடப்புசல்லாவை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானா ஒருவர் காணித் தரகும் பார்த்தார். வலப்பனைப் பக்கத்துக் காணி உறுதிகளில் அநேகமானவை சிங்களத்தில் இருக்கும். நானாவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் உயர்தரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சிங்களம் தடையில்லாமல் வாசிப்பேன். அப்பாவுக்காகக் காட்டிய ஓர் உறுதியை நான் சத்தமாக வாசித்து, எல்லைகளைத் தமிழில் சொன்னதைக் கேட்டுவிட்டு, “தம்பி, நாளையிலேருந்து கடைக்கு வா. அப்பாவுக்கும் பாப்போம், மத்தவங்களுக்கும் பாப்போம்” என்றார்.

விற்பனைக்கு இருக்கிற காணிகளைக் காட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் முதலில் காட்டியதெல்லாம் விற்க ஏலாத காணி. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இராகலைப் பாதையில் நடப்பார். “இந்த மலை?” என்று கேட்பார். தேயிலை மலை என்பேன். “யாருட?” கம்பனியுடையது என்பேன். இல்லை என்று தலையாட்டுவார்.

அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் இருந்த வரலாற்றைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என்று வரம்பு போட்டது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமை ஆக்கியது. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. ஆனால் போனது குத்தகை மட்டும். அந்த ஆண்டிலிருந்து 53 வருடக் கணக்கு, 2045இல் முடியும். ஆகவே மலையில் ஒரு பேர்ச்சைக்கூடக் கம்பனி யாருக்கும் அறுதியாக விற்க முடியாது. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வேலி ஓரத்தில் துண்டொன்றைக் காட்டி, காசை வாங்கிக்கொண்டு, “இருந்துக்கோ, நான் பாத்துக்கிறேன்” என்று சொன்னால் அதற்கு ஒரு சதப் பெறுமதியும் கிடையாது. அப்படிச் சொன்னதை நம்பிக் காசு கொடுத்தவர்களை எங்கள் டிவிஷனிலேயே எனக்குத் தெரியும்.

பிறகு ரயில் பாதை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறுகிய தண்டவாளம் போட்டிருந்தார்கள். 1904இல் இராகலை வரைக்கும் ரயில் வந்தது. அதன் பெயரே உடப்புசல்லாவை ரயில் பாதை. எங்கள் ஊர்த் தேயிலை கீழே இறங்குவதற்காகப் போட்டது. 1940இல் இராகலைப் பகுதியை மூடிவிட்டார்கள். தண்டவாளம் போய்விட்டது; அது போன தடம் சில இடங்களில் நடைபாதையாகவும் சில இடங்களில் லீக்ஸ் பாத்தியாகவும் கிடக்கிறது. நன்றாக மட்டமான, பாதைக்குப் பக்கமான துண்டு என்று பார்த்தவுடனே ஆசை வரும். மலைச்சரிவில் நீளமாக ஒரு துண்டு தானாக மட்டமாக இராது, யார் வெட்டியது என்று கேள் என்பார் நானா. அந்தக் கேள்வி இன்றுவரை எனக்கு உதவுகிறது.

பெர்மிட் காணி இன்னொரு வகை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிராமத்து விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. பார்க்க முழுச் சொந்தக்காணி போலவே இருக்கும். மூன்று தலைமுறை இருந்து கிழங்கு போட்டிருப்பார்கள், கல்வீடு கட்டியிருப்பார்கள். ஆனால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பின்னுரித்தாளர் யார் என்பதும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். லயத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஏனென்றால் விலை குறைவு. அப்பாவுக்கும் அப்படி ஒன்று வந்தது, டவுனுக்கு நடந்துபோகும் தூரத்தில், தண்ணீர் வசதியோடு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, நானாதான் சொன்னார். “அண்ணே, இது அவங்களுக்கே முழுசா சொந்தமில்ல. ஒங்களுக்கு எப்பிடித் தருவாங்க?”

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவது சின்னக்கர காணி, தனியார் அறுதி உறுதி உள்ளது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய கண்டி கிராமத்து உறுதிகளில் பேர்ச்சும் ஏக்கரும் இராது. இத்தனை லாஹ குரக்கன் விதைக்கக்கூடிய நிலம் என்று எழுதியிருக்கும். பாட்டன் விட்டுப்போன துண்டு ஐந்து பிள்ளைகளுக்கு, அவர்களில் ஒருவரின் பங்கு எட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு. விற்க வருகிறவர் கையில் இருப்பது ஐந்தில் ஒன்றின் எட்டில் ஒன்றாக இருக்கும். அவர் விரலால் காட்டுவதோ முழுத் தோட்டத்தையும். பிரித்துத் தர வேண்டுமானால் எல்லாரும் உடன்பட்டுப் பிரிவினை உறுதி எழுத வேண்டும். இல்லாவிட்டால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அந்த வழக்குகள் வாங்கினவரின் ஆயுளையே தின்றுவிடும்.

ஆகவே நான் தொழில் படித்தது நுவரெலியாக் காணிப் பதிவகத்தின் வாங்கில் உட்கார்ந்துதான். உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசு, திகதி, முந்திய உறுதி, அதற்கு முந்தியது என்று ஏடு ஏடாகப் பின்னோக்கிப் போக வேண்டும். குறைந்தது முப்பது வருடமாவது பார்க்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள வழக்கம். அடமானம் இருக்கிறதா, வழக்குத் தடை போட்டிருக்கிறதா, விற்றதையே இரண்டாம் முறை விற்றிருக்கிறாரா? 1927ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலில் வாங்கியவர் உறுதியைப் பதியாமல் வைத்திருந்து, பின்னால் காசு கொடுத்து வாங்கியவர் நேர்மையாகப் பதிந்துவிட்டால், பின்னவருக்கே முன்னுரிமை. இதைக் கேட்கிற லயத்து ஆட்கள் திகைத்துப் போவார்கள். காசு கொடுத்தேன், உறுதி கையில் இருக்கிறது, எப்படி இன்னொருத்தருக்குப் போகும் என்பார்கள். புரியவைக்க எனக்கு ஒவ்வொரு முறையும் அரைநாள் போகும். அந்த அரைநாளை நான் வீண் என்று நினைத்ததில்லை.

1840ஆம் ஆண்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஒரே ஆண்டில் பிரித்தானிய ஆட்சி இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. 12ஆம் இலக்கம், முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டம். உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுடையது என்று எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்த மலைகளில்தான் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்தன, நம் ஆட்களும் வந்தார்கள். 7ஆம் இலக்கம், மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது கையொப்பம் இட வேண்டும், இல்லையென்றால் செல்லாது. முதலாவது சட்டம் காட்டை எடுத்து நம்மை அதில் வேலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது, நாம் ஒரு துண்டு வாங்கப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. முதலாவதின் கீழ் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு இரண்டாவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இல்லை, தொழிற்சங்கக் கூட்டத்தில் இல்லை, கோயில் திருவிழா மேடையிலும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

அந்தக் கோபத்துக்குக் காரணமான வீடு ஒன்று. கணவன் மனைவி இரண்டு பேரும் கொழுந்து மலையில் வேலை செய்தவர்கள். மகள் வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போய் அனுப்பிய காசில் ஒரு துண்டு வாங்கி வீடும் கட்டியிருந்தார்கள். மேலே சாமிப்படம் வைத்து, பெட்டிக்குள் பூட்டியிருந்த உறுதியை அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். அது முத்திரை ஒட்டிய ஒரு தாள். விற்றவரின் கையொப்பம், இவரின் கைநாட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் கையொப்பம். நொத்தாரிசு இல்லை. சட்டத்தின் முன் அவர்கள் எதையும் வாங்கவில்லை. விற்றவர் இறந்துபோயிருந்தார். காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் பத்து வருட அனுபவ உரிமை கேட்கலாம் என்றால், அவர்கள் குடியேறிப் பத்து வருடமும் ஆகியிருக்கவில்லை.

“இத எப்பிடிய்யா இவங்ககிட்ட சொல்றது?” என்று வெளியே வந்து நானாவிடம் கேட்டேன். “நீ சொல்லாதே. முதல்ல வித்தவரோட ஆளுங்களப் பாப்போம்” என்றார். இறந்தவரின் பிள்ளைகள் இருந்த கிராமத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். கையில் வெற்றிலைக் கட்டு. சிங்களத்தில் நலம் விசாரித்து, மழை பற்றி, கிழங்கு விலை பற்றி எல்லாம் பேசிய பிறகுதான் விஷயத்தைத் தொட்டார். தங்கள் அப்பா காசு வாங்கியது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மூத்த அக்கா முதலில் சம்மதித்தார். மற்ற மூன்று பேரும் அவர் சொல்லைத் தட்டவில்லை. கடைசித் தம்பி மட்டும் கையொப்பம் இடமாட்டேன் என்றுவிட்டார். அந்த வீடு இன்றைக்கும் ஐந்தில் நான்கு பங்கு உறுதியில்தான் நிற்கிறது. அதற்காவது உறுதி எழுதின நாளில் நொத்தாரிசு ஐயா பந்தி பந்தியாக வாசிக்க, நான் தமிழில் சொல்ல, அந்த அம்மா நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். வாசித்து விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதித்த கடமை. கேள்வி கேட்பது வாங்குகிறவரின் உரிமை. இதை இப்போது நான் எல்லாரிடமும் முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

காசு விஷயத்தில் நானாவுக்கு ஒரு முறை இருந்தது. உறுதியில் கையொப்பம் விழுந்த பிறகுதான் கொமிஷன் வாங்குவார். அட்வான்ஸ் காசைத் தன் கையால் தொடமாட்டார். வாங்குகிறவர் விற்கிறவருக்கு நேரே, நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கையின் மேல் கொடுக்க வேண்டும். புதிதாகத் தரகுக்கு வருகிற பையன்களுக்கு இதைவிட நல்ல பழக்கம் எனக்குச் சொல்லத் தெரியாது. இன்னொன்று முத்திரைத் தீர்வை. 5 லட்சத்துக்குக் காணி என்றால் 5 லட்சம் சேர்த்துக்கொண்டு வருவார்கள். முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம்; ஆக 3,000, அதோடு 16,000, மொத்தம் 19,000 ரூபா தீர்வை மட்டும். மேலே நொத்தாரிசுக் கூலி, சர்வேயர் கூலி, பதிவுக் கூலி. சீட்டுப் பிடித்துச் சேர்த்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. சிலர் அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். பிற்பாடு வங்கிக் கடனுக்குப் போகும்போதும், தகராறு வந்து காசைத் திருப்பிக் கேட்கும்போதும் அந்தக் குறைந்த தொகைதான் கையில் இருக்கும் அத்தாட்சி. நான் உடன்படுவதில்லை.

பெயர்ச் சிக்கல் எங்கள் ஆட்களுக்கென்றே உள்ளது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது. தோட்டத்தில் எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியது. ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்காமல் உறுதி நகராது. அதற்கும் முந்திய காலத்தில் ஆளே கணக்கில் இல்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தும், மிச்சமிருந்தவர்களுக்கு முழுத் தீர்வு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வந்தது. இடையில் 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், பிரஜை அல்லாதவர் பெயருக்குக் காணி மாறினால் காணியின் பெறுமதிக்குச் சமமான வரி என்றது. நானாவின் பழைய கணக்குப் புத்தகங்களில் அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெயர்கள் அரிது. காசில்லாதது மட்டும் காரணமல்ல.

காணியைக் கண்ணால் பார்ப்பதற்கும் எங்கள் ஊரில் காலம் உண்டு. உடப்புசல்லாவைத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தருவது ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்று. அந்தக் காற்றில் எந்தச் சரிவும் கெட்டியாகத்தான் தெரியும். பெருமழை வாடைக்காற்றோடு கார்த்திகை, மார்கழியில் வருகிறது. அப்போது போய்ப் பார்த்தால் ஊற்று எங்கே கசிகிறது, தண்ணீர் கலங்கி வருகிறதா, யூக்கலிப்டஸ் மரங்கள் அடியில் வளைந்து நிற்கின்றனவா, பக்கத்து வீட்டுக் கதவு ஏன் இறுகிக்கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மலை இறங்கி உயிர்கள் போன பிறகு, மழைக்காலத்தில் பார்க்காத காணிக்கு நான் யாரையும் கையொப்பம் இட விடுவதில்லை. இப்போது எங்கள் மாவட்டத்தில் வீட்டுப் பிளானுக்குப் பிரதேச சபையின் அனுமதி கேட்டால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மீரியபெத்தைத் தோட்டத்தில் அதே நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. போய்க் குடியேறச் சொந்தமாக ஒரு துண்டு இல்லாதவர்களிடம் எழுந்து போ என்று தாளில் எழுதிக் கொடுத்து என்ன பயன்?

அப்பாவுக்குக் காணி கிடைத்தது ஹல்கிரனோயாப் பக்கம், பாதையிலிருந்து கொஞ்சம் கீழே. சுத்தமான உறுதி, சர்வேயர் பிளான், நான்கு மூலையிலும் எல்லைக்கல். பதிவு முடிந்து உறுதி வந்த பிறகு அப்பா செய்த முதல் காரியம் தபால் கந்தோருக்குப் போனது. அதுவரை எங்களுக்கு வந்த கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோர் வழியாகத்தான் வந்தது.

பத்து வருடம் போல ஆகிறது, மலைநாட்டுப் புதிய கிராமங்கள் என்று குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் வழங்கி வீடு கட்டத் தொடங்கி. இந்திய உதவி வீடுகள் பலவும் அந்த அளவில் எழுந்தன. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,906 சதுர அடி. லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். அது போதாது என்பதையும் அறிவேன். வீடு கிடைத்துக் குடியேறிய பலருக்கு உறுதி கைக்கு வரவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்து என்னிடம் வாசிக்கக் கொடுப்பார்கள்; கொமிஷன் இல்லாத வேலை, சந்தோஷமாகச் செய்கிறேன்.

போன மாதம் அப்படி வந்தவர்கள் ஒரு புதிய கிராமத்து அண்ணன் தம்பி. அப்பா பெயரில் உள்ள 7 பேர்ச்சஸை இரண்டாக்கி ஆளுக்கொரு உறுதி எழுத வேண்டும் என்றார்கள். தம்பிக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் ஒரு காணித் துண்டின் குறைந்தபட்ச அளவு 150 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 6 பேர்ச்சஸ். எங்கள் பக்கத்திலும் அதற்குக் கீழே பிரித்த பிளானில் முத்திரை விழாது. இரண்டு துண்டுக்கு 12 வேண்டும், இருப்பது 7. கொடுக்கும்போதே அடுத்த தலைமுறைக்குப் பிரிக்க ஏலாத அளவில் கொடுத்திருக்கிறார்கள். 10 கொடுத்தாலும் இதே கதைதான். காணி கொடுக்கும் திட்டத்தை வரைகிறவர்கள் பிள்ளைகளையும் எண்ணி வரைய வேண்டும் என்று நான் போகிற இடத்திலெல்லாம் சொல்லிவருகிறேன்.

பிரிபடாத அரைவாசிப் பங்காக எழுதலாம், ஆனால் அதற்கு வங்கி கடன் தருவது கஷ்டம் என்றேன். மேல்மாடி போடலாமா என்றான் அண்ணன். அந்தச் சரிவில் அறிக்கை எடுக்காமல் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப வேற காணி பாருங்க அண்ணே, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல” என்றான் தம்பி.

பார்த்திருக்கிறேன். டவுனுக்கு வெளியே, சின்னக்கர, 8 பேர்ச்சஸ். பதிவகத்தில் தேடியதில் அடமானம் இல்லை, தடை இல்லை. உரித்தாளர் ஒன்பது பேர். ஏழு பேர் வந்து கையொப்பம் இடத் தயார். மற்ற இருவரும் இத்தாலியில். அங்குள்ள தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மழை தொடங்கியதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காணியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.